பாருக்கு ஊற்றாத கூழ்

பவானி முதன்முதலாகப் படகில் ஏறிய அன்று கடல் பொங்கவில்லை. வானம் இடியவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு அவள் புருஷன் சுகுமாரின் தூண்டிலில் நல்ல சங்கரா மீன் பட்டது. ஆனாலும் மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் ஓடைமுனைக்குப்பத்தில் அந்த நாளை யாரும் நல்ல நாள் என்று சொன்னதில்லை. இரண்டு வருஷம் கழித்து, ஒரு கோடையில், கடலடியில் இருந்த பவளம் வெளுத்துப்போனபோது ஊர் அந்த நாளைத்தான் தோண்டி எடுத்தது.

அந்தக் குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. மீன் ஏலம் எடுப்பார்கள், கூடை சுமப்பார்கள், கருவாடு காயவைப்பார்கள், திண்டிவனம் சந்தையில் தொண்டை வற்ற விற்பார்கள். படகுக்கு ஊற்றும் டீசலே அவர்கள் விற்ற மீனில்தான் வருகிறது. ஆனால் படகில் ஏறினால் கடலுக்குத் தீட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டக்குப்பத்தில் ஒரு டைவிங் கடை இருக்கிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக வருவார்கள். ரப்பர் உடுப்பு மாட்டி, முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியைப் பார்க்கப் போவார்கள். அவர்களை ஏற்றிச் செல்லக் குப்பத்துப் படகுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. சென்னைப் பெண் ஏறினால் வருமானம், உள்ளூர்ப் பெண் ஏறினால் தீட்டு. பெண்ணின் ஊரை விசாரித்துவிட்டுத் தீட்டுப்படும் கடலை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

பவானி பிறந்ததும் இதே கரையில்தான். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். மரக்காணம் பேருந்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவார்கள். முதல் வருஷம் பொறுத்தாள். இரண்டாம் வருஷம், "இந்த நாத்தத்தத்தான் மத்தியானம் கொழம்பா ஊத்திக்கினு ரெண்டு கை சோறு சேத்துத் திங்கிறீங்க" என்று பேருந்துக்கே கேட்கச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததில்லை.

கல்யாணமாகி ஓடைமுனைக்கு வந்தபின் அந்த டைவிங் கடையில் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரர் அவளுக்கும் முங்கக் கற்றுக்கொடுத்தார், கரையோரத்தில்தான். ஒருநாள் துணையாள் வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் உடுப்பு மாட்டி நின்றுகொண்டிருந்தார்கள். படகு சுகுமாருடையது. அவன் கரையை ஒருமுறை பார்த்தான், பெண்டாட்டியை ஒருமுறை பார்த்தான், "ஏறு ஜல்தியா" என்றான். ஏறினாள்.

அன்று அவள் பாரைப் பார்த்தாள். கடலடியில் மேடிட்டுக் கிடக்கும் கல்தரையைத்தான் குப்பத்தார் பார் என்கிறார்கள். ஓடைமுனைப் பார் ஐந்து பாகம் ஆழத்தில், அதாவது இரு கையையும் விரித்து ஐந்து முறை அளந்தால் எட்டும் ஆழத்தில், இருக்கிறது. களவா மீனும் சங்கராவும் அங்கேதான் தங்குகின்றன. சிறு படகுக்காரர்களின் சோறு அந்தக் கல்தான். அதன்மேல் பவளம் திட்டுத்திட்டாக வளர்ந்திருந்தது. சில மூளை போல மடிந்தவை, சில பனங்காய் போல உருண்டவை, சில மான்கொம்பு போலக் கிளைத்தவை. நிறம் தேனும் பழுப்பும் பச்சையுமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதன்மேல் தூண்டில் போட்ட ஊரில் அதை நின்று நிதானித்துப் பார்த்த முதல் ஆள் அவள்தான். அதன்பின் வாரம் தவறாமல் போனாள். ஊர் முணுமுணுத்தது. மீன் நன்றாகப் பட்டதால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டது.

பிறகு அந்தக் கோடை வந்தது. சித்திரையிலேயே கரையோரத் தண்ணீர் கால் வைத்தால் வடிகஞ்சி போலச் சுட்டது. காற்று அசையவில்லை. பவானி முங்கிப் பார்த்தபோது பவளத்தின் நிறம் மங்கியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் மங்கியது. வைகாசியில் பார் முழுக்கச் சுண்ணாம்படித்த சுவர் போல நின்றது.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். பவளம் கல் அல்ல, செடியும் அல்ல. அது சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். ஒவ்வொன்றும் தனக்கடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டு அதன்மேல் வாழ்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலை வாங்கிச் சர்க்கரை சமைத்து வீட்டுக்காரனுக்கு ஊட்டுகிறது. வீட்டுக்காரன் இருக்க இடம் தருகிறான், தன் கழிவை உரமாகத் தருகிறான். நாம் பவளத்தின் நிறம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு இந்தக் குடித்தனக்காரனின் நிறம். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் பாசியின் சமையல் கெடுகிறது. சர்க்கரை வரவேண்டிய இடத்தில் நஞ்சு வருகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற சதைக்கு அடியில் சுண்ணாம்பு வீடு வெள்ளை எலும்பாகத் தெரிகிறது. அது சாவு அல்ல, பட்டினி. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சப் பாசி பெருகும், நிறம் திரும்பும். குளிராவிட்டால் பட்டினி சாவில் முடியும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் வல்லரசுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சுகுமாருக்குப் பங்காளி, வயதில் இளையவன். மூச்சடக்கி முங்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பாரில் சிக்கிய நங்கூரத்தை எடுக்க இறங்கியவன் முகம் வெளிறி மேலே வந்தான். "பாரு செத்துப்போச்சி. சுடுகாட்டு எலும்பாட்டம் கெடக்குது" என்று கரையெல்லாம் சொன்னான். அந்த வாரம் மீனும் குறைந்திருந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது; மாலைக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. பொம்பளை கால் பட்ட பார் வெளுத்துவிட்டது.

வலை பின்னும் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. தலைவர் ராஜாங்கம், சுகுமாருக்குப் பெரியப்பா முறை. முடிவு பேசுவதற்கு முன்பே ஆகியிருந்தது. ஆடி மூன்றாம் வெள்ளி அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், வீட்டுக்கொரு அண்டா கேப்பங்கூழும் மூட்டை மூட்டையாக மஞ்சளும் விபூதியும் வேப்பிலையும் படகுகளில் ஏற்றிப்போய்ப் பாரின்மேல் கொட்டிக் கடலைக் குளிரவைக்க வேண்டும். பவானி கோயில் வாசலில் ஊரார் காலில் விழ வேண்டும், இனிப் படகு ஏறுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தால் ஊர் விலக்கு. சுகுமாரின் மீனை யாரும் ஏலம் எடுக்க மாட்டார்கள், அவன் படகைக் கரையேற்ற யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள்.

காலில் விழுவது பவானிக்கு அவமானம். ஆனால் அவளை அதைவிட உலுக்கியது மஞ்சள் மூட்டைதான். பட்டினியில் கிடக்கும் பவளத்தின்மேல் பொடியையும் கூழையும் கொட்டினால் அது மூச்சுத்திணறிச் சாகும். பிழைக்கக்கூடிய பாரை ஊரே பக்தியோடு கொல்லப்போகிறது. பிறகு, செத்த பாரைக் காட்டி, பார்த்தாயா அவள் பாவம் என்றும் சொல்லும்.

பஞ்சாயத்துக் கூடத்துக்குள் பெண்கள் நுழையக்கூடாது. பெண்ணுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் புருஷன் சொல்ல வேண்டும். பவானி ஓலைத்தட்டிக்கு வெளியே நின்றாள். சுகுமார் உள்பக்கம் தட்டியை ஒட்டி நின்று, அவள் சொல்லச் சொல்ல ஒப்பித்தான்.

"மஞ்சள் கொட்டினா மூச்சு முட்டுமாம்" என்றான்.

"யாருக்குடா முட்டும்? ஒனக்கா, ஒன் பொண்டாட்டிக்கா?" என்றார் ராஜாங்கம். கூடம் சிரித்தது.

சுகுமார் விடவில்லை. பவளத்துக்குள் குடித்தனம் இருக்கிறதாம் என்றான். யார் குடித்தனம் என்று கேட்டார்கள். பாசி என்றான். வீட்டுக்காரன் யார் என்று கேட்டார்கள். அவனும் உள்ளேதான் இருக்கிறான் என்றான். அப்படியானால் வாடகை யார் தருவது என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு ஓயவில்லை. சுகுமாருக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் தட்டிப் பக்கம் திரும்பினான்.

"நீயே வந்து சொல்லிடும்மே. எனக்குத்தான் மூச்சு முட்டுது."

பவானி தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அந்தக் கூடத்தில் அதுவரை எந்தப் பெண்ணின் நிழலும் விழுந்ததில்லை. சிரிப்பு அறுந்து நின்றது.

"பெரிய மாமா, பாரு சாகல, பட்டினி கெடக்குது" என்றாள். "சூடு தாங்காம, தனக்குச் சோறு போட்ட பாசியவே வெளிய தள்ளிட்டு வெளுத்துப்போய் நிக்கிது. அந்தத் தப்பையே நீங்களும் பண்ணாதீங்க."

கூட்டத்தில் ஒருவர், பெண் ஏறியதுதான் சூட்டுக்கே காரணம் என்றார். பவானி அவர் பக்கம் திரும்பினாள். "மாசி மகத்துக்கு அம்மனப் படகுல ஏத்திக்கினு போறீங்களே. அவ பொம்பள இல்லியா?"

ராஜாங்கம் பேச்சை மாற்றினார். பார் உயிரோடு இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவள் கடலடியில் எடுத்த வீடியோவைக் காட்ட முன்வந்தாள். அவர் கையை உதறினார். இந்தக் காலத்தில் செல்போனிலேயே கடல் செய்கிறார்கள், கடலுக்குள் யானை நடக்கிறது, அதையெல்லாம் நம்ப முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யார் கண்ணை நம்புவீர்கள் என்று பவானி கேட்டாள். வல்லரசு கண்ணை நம்புவோம் என்றார்கள். பார் செத்துப்போனது என்று முதலில் சொன்னவனே அவன்தான் என்பதால் அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

"சரி. அவரே பாக்கட்டும்" என்றாள். அவன் என்ன பார்ப்பான் என்பதையும் அங்கேயே சொன்னாள். தண்ணீர் குளிர்ந்தால் நிறம் திரும்பும். உருண்டைப் பவளத்தில் திரும்பும், அதுவும் வெயில் விழாத அடிப்பக்கத்தில் முதலில் திரும்பும். மான்கொம்புப் பவளத்தில் பாதி திரும்பாது, அதன்மேல் பச்சைச் சளி படர்ந்தால் அது செத்தது. ஆடி மூன்றாம் வெள்ளிக்குள் நிறம் வராவிட்டால் காலில் விழுகிறேன் என்றாள். வந்தால் பாரின்மேல் ஒரு சிட்டிகை மஞ்சள்கூட விழக்கூடாது, இந்தக் குப்பத்துப் பெண் எவளானாலும் படகில் ஏறலாம். அதுவரை தான் ஏறுவதில்லை.

தோற்பாள் என்ற நம்பிக்கையில் ஊர் உடனே ஒத்துக்கொண்டது.

வெளியே வந்தபோது மாமியார் தைலம்மாள் கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்தாள். முப்பது வருஷமாகத் திண்டிவனத்தில் கருவாடு விற்பவள், நாக்கு கருவாட்டைவிடக் காரம். மருமகள் படகு ஏறியது அவளுக்கும் பிடிக்காதுதான். "ஏம்மே, அந்தக் கல்லு சொன்னாப்பல கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்னு சொல்ல முடியாது அத்தை. கேக்க நியாயம் இருக்குது."

"நியாயத்தக் கட்டிக்கினு அழு" என்று சொல்லிவிட்டு தைலம்மாள் பேருந்துக்கு நடந்தாள்.

பவானிக்குத் தெரிந்த உண்மை இதுதான்: எல்லாம் காற்றின் கையில் இருந்தது. தெற்குக் காற்று எழுந்து மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளினால் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறும். அது சில வருஷம் சீக்கிரம் நடக்கும், சில வருஷம் பிந்தும். பூசாரி உறுதிமொழி கொடுப்பான், அறிவியல் கொடுக்காது. காரணம் காட்டும், வாய்ப்பைச் சொல்லும், பிறகு போய்ப் பார் என்று அனுப்பிவைக்கும். போய்ப் பார்க்கத் துணிவில்லாத ஊர்தான் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடலைச் சூடாக்கியவர்கள் யாரும் ஓடைமுனையில் இல்லை. நூற்றாண்டுக் கணக்காக உலகத்தின் புகைபோக்கிகளிலிருந்து ஏறிய புகை வானத்தில் போர்வையாகக் கிடக்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் கடல் வாங்கி விழுங்குகிறது. அந்தப் புகையால் கொழுத்தவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் எந்தக் கோயில் வாசலிலும் விழச் சொல்லவில்லை. விழச் சொன்னது சிலிண்டருக்குக் காற்றடிக்கும் ஒரு பெண்ணை.

ஆனி முழுக்கக் காற்று வரவில்லை. பவானி தன் முங்குக் கண்ணாடியை வல்லரசிடம் கொடுத்து, மாட்டக் கற்றுக்கொடுத்தாள். முதல் தடவை அவன் போய்வந்து எல்லாம் வெள்ளைதான் என்றான். அடுத்த தடவை, மான்கொம்பில் பச்சைச் சளி படர்ந்துவிட்டது என்றான். செத்தது என்று அவள் சொன்ன அடையாளம்தான் அது. அவள் சொன்ன பாதி நடந்துவிட்டது, ஆனால் அது யாருக்கும் வேண்டாத பாதி. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டதும் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். கேலி திண்டிவனம் சந்தைவரை போனது. ஒரு வியாபாரி, கடலையே வெளுக்கவைத்த மருமகளாமே என்று தைலம்மாளைச் சீண்டினான்.

தைலம்மாள் நெத்திலிக் கருவாட்டைத் தராசில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆமாண்டா. ஒன் வேட்டியயும் குடுத்தனுப்பு. அதுக்குந்தான் வெளுப்பு தேவையா இருக்குது."

ஆடி பிறந்த சில நாளில், வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை உதறினார்கள். தண்ணீர் சில்லென்று இருந்தது. தெற்குக் காற்று எழுந்திருந்தது. பவானி சேலையோடு கரையில் இடுப்பளவு இறங்கி நின்று நடுங்கிக்கொண்டே சிரித்தாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அதன்பின் காற்று வலுத்து அலை கூடியது. அடியிலிருந்த சேற்று மண்டி கிளம்பி அடித்தரையே தெரியவில்லை. வல்லரசு இரண்டு முறை இறங்கி எதுவும் பார்க்க முடியாமல் திரும்பினான்.

மூன்றாம் வெள்ளி வந்தது. மண்டி தெளிந்திருந்தது. ஆனால் அண்டாக்களும் மூட்டைகளும் விடியும்போதே படகுகளில் ஏறிவிட்டன. வல்லரசு முங்கிப் பார்த்துச் சொல்லட்டும், உடனே கொட்டிவிட்டு வந்துவிடலாம் என்பது ஏற்பாடு. நிறம் திரும்பியிருக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ராஜாங்கம் சுகுமாரின் படகிலேயே ஏறினார், குற்றவாளி வீட்டுப் படகில் போனால்தான் பரிகாரம் பலிக்கும் என்று.

பவானி கரையில் நின்றாள். கோயில் வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் விழ வேண்டிய இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். படகுகள் சிறுத்து, பிறகு பாருக்கு மேலே நின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று கரையிலிருந்து தெரியாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நேரமாவது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. பொறுக்க முடியாமல் மணலைக் காலால் கிண்டினாள்.

படகுகள் திரும்பின. தைலம்மாள் நெற்றிமேல் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கினாள். மீன் ஏலத்துக்குக் காத்திருந்து காத்திருந்து, வரும் படகு தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்பதைப் பார்த்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும் கண் அது.

"ஏம்மே" என்றாள் மெதுவாக. "படகு தாழத்தான் வருது."

பவானிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. போனபோது எப்படி அமுங்கிப் போனதோ அப்படியே அமுங்கி வருகிறது. கூழ் அண்டாவிலேயே இருக்கிறது. மஞ்சள் மூட்டையிலேயே இருக்கிறது.

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண்களும் படகைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். கரை முழுக்கப் பேச்சு பற்றிக்கொண்டது. மேளக்காரர்கள் என்னவோ ஏதோவென்று நிறுத்தினார்கள்.

படகு கரை தட்டும் முன்பே வல்லரசு படகின் முன்முனையான அணியத்தில் ஏறி நின்றான். "அண்ணி சொன்னாப்பலதான்" என்று கத்தினான். "உருண்டைக் கல்லுல, நெழல் பக்கம், கேப்பை மாவு தூவுனாப்பல பழுப்பா வந்திருக்குது. ஒண்ணுல இல்ல. பாக்குற கல்லுலல்லாம். நான் சொன்னா நம்பமாட்டீங்கன்னு தலைவரையும் எறக்கிட்டேன்."

அது உண்மை. ராஜாங்கத்தின் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கண்ணாடியின் வளையம் அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பாகப் பதிந்து, மீசையின் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாருக்கு இறங்கியவர் வெகுநேரம் மேலே வரவே இல்லை என்று சுகுமார் பிறகு சொன்னான். அவர் பவானியின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவர் வாய்க்கு இல்லை. படகுப் பக்கம் திரும்பினார்.

"கூழ எறக்குங்கடா. ஆறிடப் போவுது."

அன்று ஊர் முழுக்கக் கூழ் குடித்தது. பாருக்குப் போகவேண்டிய கூழ் பசித்த வயிறுகளுக்குப் போனது. கருவாடும் வெங்காயமும் கடித்துக்கொண்டு ஆளாளுக்கு இரண்டு சொம்பு குடித்தார்கள். கூட்டித் தெளித்த இடத்தில் யாரும் விழவில்லை. குழந்தைகள்தான் அங்கே உட்கார்ந்து கூழைச் சிந்தின.

பவானி தன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஒப்பந்தத்தின் இன்னொரு பாதியை ஊருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் தைலம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுகுமாரின் படகை நோக்கி நடந்துவிட்டாள். முப்பது வருஷம் இறங்கிய மீனைச் சுமந்த கால், முதல் தடவையாகப் படகின் விளிம்பைத் தாண்டியது. ஆண்கள் சொம்பு வாயருகே நிற்கப் பார்த்தார்கள். கடல் அப்படியேதான் இருந்தது.

"இன்னாடா நிக்கிற, எடு" என்றாள் மகனிடம். "அந்தக் கல்லு எங்க இருக்குதுன்னு நானும் பாக்கறேன். அதுக்காவ எத்தினி பேச்சுக் கேட்டேன்."

அவளுக்குப் பின்னால் பவானி ஏறினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள்.

அடுத்த கோடையிலும் கடல் சுட்டது. பவளம் மறுபடி மங்கியது, ஆனால் போன வருஷம் போல முழுக்க வெளுக்கவில்லை. சூடு தாங்கும் வேறு இனப் பாசி உள்ளே பெருகியிருக்கலாம் என்கிறாள் பவானி. பல கடல்களில் அப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள், இங்கே அதுதான் நடந்தது என்று சோதிக்காமல் சொல்லமாட்டேன் என்கிறாள். அதற்கும் ஓர் எல்லை உண்டு, புகையை நிறுத்தாமல் பாசியிடம் மட்டும் சாமர்த்தியத்தை எதிர்பார்ப்பது அயோக்கியத்தனம் என்று விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் மீனவர் குறைகேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அன்று அவள் பின்னால் ஓடைமுனைப் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது பாரின்மேல் யாரும் நங்கூரம் போடுவதில்லை. ஒரு மிதவை கட்டிவைத்திருக்கிறார்கள், படகுகள் அதில்தான் கயிறு மாட்டுகின்றன. போன மாசம் வேறு குப்பத்துப் படகு ஒன்று விவரம் தெரியாமல் அங்கே போடுவதற்கு நங்கூரத்தைத் தூக்கியது. வல்லரசு தன் படகிலிருந்து எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்:

"யோவ், போடாத. கீழ குடித்தனம் இருக்குது."